வழக்கில் வாரம்: பிறர் வழக்குக்குப் பணம் போட்டு, வெற்றியில் பங்கு கேட்கலாமா?

சிறிய அளவில் கட்டட ஒப்பந்தத் தொழில் செய்யும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். பெரிய நிறுவனம் ஒன்றுக்கு அவர் கிடங்கு கட்டிக் கொடுத்திருக்கிறார். அதில் ஒரு கோடி ரூபாய் பாக்கி நிற்கிறது. கேட்டுக் கேட்டுச் சலித்தபின், நீதிமன்றத்துக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆகிறது. தமிழ்நாட்டில் இத்தகைய பண வசூல் வழக்குக்கான நீதிமன்றக் கட்டணம் 2017 வரை கோரும் தொகையில் 7.5 விழுக்காடாக இருந்தது. அந்த ஆண்டில் அது 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. குறைந்த கட்டணத்தின்படி பார்த்தாலும் வழக்கைப் பதிவு செய்யவே மூன்று லட்சம் ரூபாய் வேண்டும். அதன்மேல் வழக்கறிஞர் கட்டணம், பொறியாளரின் மதிப்பீட்டு அறிக்கை, சாட்சிகளை அழைத்து வரும் செலவு, வென்றாலும் எதிர்த்தரப்பு தொடுக்கப்போகும் மேல்முறையீடு என்று பட்டியல் நீள்கிறது. கையில் நியாயம் இருக்கிறது. அதை நடத்திப் போகப் பணம் இல்லை.

இந்த நிலையில் வெளியாள் ஒருவர் வந்து, “வழக்குச் செலவு முழுவதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன், வென்றால் வருவதில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு, தோற்றால் நீங்கள் எனக்கு ஒரு காசும் திருப்பித் தர வேண்டாம்” என்று சொல்கிறார். இது கடன் அன்று. கடன் என்றால் வழக்கு எப்படி முடிந்தாலும் அசலையும் வட்டியையும் திருப்பிக் கட்டியாக வேண்டும். இங்கே பணம் போடுபவர் வழக்கின் முடிவோடு தம் பணத்தையும் கட்டிப் போடுகிறார். இப்படி ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறதா, கொடுத்தால் எந்த எல்லை வரை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆங்கிலச் சட்டத்தில் இதற்கு இரண்டு பழைய பெயர்கள் உண்டு. தனக்குத் தொடர்பில்லாத வழக்கில் நுழைந்து ஒரு தரப்பைப் பணத்தாலோ செல்வாக்காலோ தாங்கிப் பிடிப்பதற்கு ‘மெயின்டனன்ஸ்’ என்று பெயர். (இன்று குடும்ப நல நீதிமன்றத்தில் ஜீவனாம்சத்தைக் குறிக்கப் பயன்படும் அதே சொல்தான் இது, பொருள் மட்டும் முற்றிலும் வேறு.) அப்படித் தாங்கிப் பிடிப்பவர் கிடைக்கும் சொத்தில் பங்கும் பேசிக்கொண்டால் அது ‘சாம்பர்ட்டி’. இந்த இரண்டாவது சொல்லின் பிறப்பு தமிழ் வாசகருக்கு எளிதில் விளங்கும். பழைய பிரெஞ்சு மொழியில் ‘சாம்பார்’ என்பது வயலின் விளைச்சலில் நிலப்பிரபு எடுத்துக்கொள்ளும் பங்கு. நம் காவிரிப் படுகையில் மேல்வாரம் என்று சொன்னோமே, அதுதான். பிறருடைய வழக்கை வயலாகக் கொண்டு, அதில் விளைவதற்கு மேல்வாரம் கேட்பது என்று சாம்பர்ட்டியைப் புரிந்துகொண்டால் பெரிய பிழை வராது.

இங்கிலாந்து இதை ஏன் குற்றமாக்கியது என்பதற்கு அந்நாட்டு இடைக்கால வரலாற்றில் விடை இருக்கிறது. அரசவையில் செல்வாக்குள்ள பிரபுக்களும் அரசு அலுவலர்களும், சந்தேகத்துக்குரிய நில உரிமைகளைக் கொண்ட எளியவர்களைத் தூண்டி வழக்குத் தொடுக்கச் செய்து, தம் செல்வாக்கால் நீதிமன்றத்தை வளைத்து, கிடைத்த நிலத்தில் பங்கு எடுத்துக்கொண்டார்கள். முதலாம் எட்வர்டு காலத்தில் 1275-இல் இயற்றப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அரசு அலுவலர்கள் இவ்வாறு பங்கு பேசுவதைத் தடை செய்தது. நீதிமன்றங்கள் வலுப்பெற்று, பிரபுக்களால் அவற்றை அச்சுறுத்த முடியாத காலம் வந்த பின்னும் தடை மட்டும் நூற்றாண்டுக்கணக்கில் தொடர்ந்தது. 1967-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம்தான் இவை குற்றம் என்பதையும், இவற்றுக்காக இழப்பீடு கோரி வழக்குத் தொடரலாம் என்பதையும் நீக்கியது. ஆனால், பொதுக்கொள்கைக்கு முரணான இத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்ற பழைய விதிக்கு இதனால் பாதிப்பு இல்லை என்று அதே சட்டம் ஒரு வால் வைத்துவிட்டது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் ஆங்கில நீதிமன்றங்கள் இன்றும் வழக்காடிக்கொண்டிருக்கின்றன.

ஆங்கில ஆட்சியோடு இந்தத் தடையும் இந்தியாவுக்கு வந்ததா? வரவில்லை என்பதே இந்தியச் சட்டத்தின் சிறப்பு. சென்னை மாகாணத்திலிருந்து, அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற பிஷர் எதிர் கமலா நாயக்கர் வழக்கில், 1860-இல், ஓர் ஒப்பந்தத்தைச் சாம்பர்ட்டி என்று ஒதுக்க வேண்டுமானால் அது நற்கொள்கைக்கும் நீதிக்கும் புறம்பானதாக, தேவையற்ற வழக்குகளை வளர்ப்பதாக, தீய நோக்கம் உடையதாக இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. வங்காளத்திலிருந்து சென்ற ராம் குமார் குண்டு எதிர் சந்திர காந்த முகர்ஜி வழக்கில், 1876-இல், பிரிவி கவுன்சில் இதை இன்னும் தெளிவாக்கியது. சாம்பர்ட்டி பற்றிய ஆங்கிலச் சட்டம் இந்தியாவில் நடைமுறையில் இல்லை; வழக்கு நடத்தப் பணம் தந்து, மீட்கப்படும் சொத்தில் பங்கு பெறும் நியாயமான ஒப்பந்தம், அந்தக் காரணத்தாலேயே பொதுக்கொள்கைக்கு எதிரானது ஆகிவிடாது; சொத்தில் உரிமை இருந்தும் அதை நிலைநாட்டப் பணமில்லாத ஒருவருக்கு இப்படி உதவுவது நீதிக்குத் துணையாகவும் அமையலாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, இத்தகைய ஒப்பந்தங்களை விழிப்போடு கண்காணிக்க வேண்டும் என்றும், கொள்ளையடிப்பது போன்ற நிபந்தனைகள் உடையவற்றையும், நியாயமான உரிமைக்கு உதவும் நல்லெண்ணம் இன்றி வழக்கைச் சூதாட்டமாக்கவோ பிறரைத் துன்புறுத்தவோ செய்யப்பட்டவற்றையும் நிறைவேற்றித் தரக்கூடாது என்றும் அது சேர்த்துச் சொன்னது.

ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் இந்தியாவில் அடிப்படை இதுதான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பொதுக்கொள்கைக்கு முரணான நோக்கமோ மறுபயனோ (ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவர் தருவது) உடைய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பங்குக்குப் பணம் போடும் ஒப்பந்தங்கள் இந்தச் சல்லடையில்தான் சலிக்கப்படுகின்றன. எனவே இந்தியாவில் கேட்க வேண்டிய கேள்வி “பங்கு பேசினாரா?” என்பதன்று, “பேசிய பங்கு நியாயமானதா?” என்பதே. பணம் போட்டவர் எவ்வளவு செலவிட்டார், எவ்வளவு கேட்கிறார், வழக்கில் தோல்வி அபாயம் எவ்வளவு இருந்தது, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அதன் பொருளை உணர்ந்து இட்டாரா, வேறு ஆலோசனை பெறும் வாய்ப்பு அவருக்கு இருந்ததா, அவருடைய இக்கட்டு பயன்படுத்திக்கொள்ளப்பட்டதா என்பவற்றை நீதிமன்றம் பார்க்கும். அளவு மீறியது என்று கண்ட வழக்குகளில், பேசிய பங்கை மறுத்துவிட்டு, உண்மையில் செலவான தொகையை மட்டும் வட்டியோடு கொடுக்கச் சொன்ன தீர்ப்புகளும் உண்டு.

இத்தனை விழுக்காடுதான் என்ற உச்சவரம்பு எதையும் சட்டம் வகுக்கவில்லை. வயல் வாரத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. நிலத்தில் வாரத்துக்கு எல்லை வேண்டும் என்று கருதிய சென்னை மாநில அரசு, 1956-இல் நியாய வாரச் சட்டம் கொண்டுவந்து, நன்செய்க்கு விளைச்சலில் 40 விழுக்காடு என்று வரையறுத்தது. பின்னர் அது 25 ஆகக் குறைக்கப்பட்டது. வழக்கு வாரத்துக்கு அத்தகைய எண் இல்லாததால், நியாயம் எது என்பது ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதி காண வேண்டியதாக இருக்கிறது. இதில் நெகிழ்வு உண்டு என்பது உண்மை. ஆனால், கையெழுத்திடும் நாளில் இரு தரப்புக்கும் உறுதி இல்லை என்பதும் உண்மை.

இந்த நெகிழ்வு முற்றிலும் நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு. பணம் போடுபவரோ பங்கு கேட்பவரோ வழக்கை நடத்தும் வழக்கறிஞராகவே இருந்தால், அது கூடாது. 1954-இல் உச்ச நீதிமன்றம் ‘ஜி’ என்ற எழுத்தால் மட்டும் குறிப்பிட்ட ஒரு மூத்த வழக்கறிஞர், வழக்கில் வசூலாகும் தொகையில் பாதியைத் தமக்குத் தர வேண்டும் என்று கட்சிக்காரரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தார். இதே ஒப்பந்தம் வழக்கறிஞர் அல்லாத இருவருக்கிடையே நடந்திருந்தால் சட்டப்படி செல்லத்தக்கதாக இருந்திருக்கும் என்று சொன்ன நீதிமன்றம், வழக்கறிஞர் செய்ததால் அது தொழில் ஒழுங்கீனம் என்று தீர்ப்பளித்தது. பாதிப் பங்கு என்பதைக் கேட்டதும் நமக்குத் தூக்கிவாரிப் போடும்; நீதிமன்றத்துக்கு உறுத்தியது தொகையின் அளவைவிட, கேட்டவர் யார் என்பதே. வழக்கின் பலனில் தனக்கே பங்கு இருக்கும்போது, கட்சிக்காரருக்கு எது நல்லது, நீதிமன்றத்துக்கு எதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று பற்றின்றி எண்ண ஒருவரால் முடியாது என்பதே இதன் அடிப்படை.

இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகளும் இதையே சொல்கின்றன. வழக்கைத் தூண்டிவிடக் கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக்கூடாது. வழக்கில் கோரப்படும் உரிமையில் பங்கு வாங்கக்கூடாது. தாம் நடத்திய வழக்கின் தீர்ப்பை நிறைவேற்றச் சொத்து ஏலம் நடந்தால் அதில் ஏலம் எடுக்கவும் கூடாது. 2017-இல் தெலங்கானாவிலிருந்து வந்த மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில், கிடைத்த இழப்பீட்டின் விழுக்காடாகக் கட்டணம் கேட்டு வழக்கறிஞர் காசோலை வாங்கியதை உச்ச நீதிமன்றம் கண்டித்து, அப்படிக் கட்டணம் பேசுவது பொதுக்கொள்கைக்கு எதிரானது என்றது. சாலை விபத்தில் குடும்பத் தலைவரை இழந்து நிற்கும் வீட்டுக்கு, “கையிலிருந்து ஒரு பைசா வேண்டாம், வருவதில் இவ்வளவு கொடுத்தால் போதும்” என்று தரகர் வந்து சொல்வது நம் ஊர்களில் எவ்வளவு வழக்கமாகிவிட்டது என்பதை அறிந்தவர்களுக்கு, இந்தத் தீர்ப்பு யாருக்காகச் சொல்லப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

வழக்கறிஞர் அல்லாதவர் பணம் போடலாம் என்பதைக் காட்ட இன்று பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுவது, இந்திய வழக்கறிஞர் மன்றம் எதிர் ஏ.கே.பாலாஜி என்ற 2018-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய அந்த வழக்கு, வெளிநாட்டு வழக்கறிஞர் நிறுவனங்கள் இந்தியாவில் தொழில் செய்யலாமா என்பது பற்றியது. பிற நாடுகளின் தொழில் விதிகளை ஒப்பிட்டுச் செல்லும்போது, வழக்கறிஞர்கள் தம் கட்சிக்காரரின் வழக்குக்குப் பணம் போட முடியாது என்பதையே விதிகள் காட்டுகின்றன, ஆனால் வழக்கறிஞர் அல்லாத மூன்றாம் நபர் பணம் போட்டு, முடிவுக்குப்பின் திரும்பப் பெறுவதற்குத் தடை இருப்பதாகத் தோன்றவில்லை என்று தீர்ப்பு கூறியது. போகிற போக்கில் சொல்லப்பட்ட வாக்கியம் இது. அந்த வழக்கில் தீர்க்க வேண்டியிருந்த கேள்விக்கான விடை அன்று. அதன் கனத்தை அளக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். 1876 தீர்ப்பே இன்னும் உறுதியான அடித்தளம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பணம் போடுவது வேறு, வழக்கையே விலைக்கு வாங்குவது வேறு. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, வெறும் வழக்காடும் உரிமையை மட்டும் தனியே பிறருக்கு மாற்றித் தர முடியாது என்கிறது. அவதூறுக்கோ விபத்துக்கோ இழப்பீடு கேட்கும் உரிமையை ஒருவர் மற்றவருக்கு விற்றுவிட்டுப் போக முடியாது. கடன் பாக்கியை எழுத்து மூலம் மாற்றித் தரலாம். அப்படி மாற்றத்தக்க கோரிக்கையையும் நீதிபதியோ வழக்கறிஞரோ நீதிமன்ற அலுவலரோ வாங்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 136-ஆம் பிரிவு தடுக்கிறது. நாம் தொடக்கத்தில் கண்ட ஒப்பந்ததாரர் தம் பாக்கியை யாருக்கும் மாற்றித் தரவில்லை, ஆகவே அவர் வாதியாகவே இருக்கிறார். பணம் போட்டவர் திரைக்குப் பின்னால் நிற்கிறார்.

திரைக்குப் பின்னால் நிற்பதுதான் இத்துறையின் கடினமான கேள்வியை எழுப்புகிறது. வழக்கில் தோற்றவர், வென்றவரின் செலவுத்தொகையைக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். வாதியிடம் பணமே இல்லை; அதனால்தான் வெளியாளின் பணத்தில் வழக்குத் தொடுத்தார். அவர் தோற்றால் பிரதிவாதி தம் செலவை யாரிடம் வாங்குவது? வென்றால் பங்கு கேட்க இருந்தவர், தோற்றபின் “நான் வழக்கில் தரப்பே இல்லை” என்று ஒதுங்கலாமா? வயலில் வாரத்துக்குக் கொடுத்தவர் பொய்த்த விளைச்சலில் தம் பங்கை இழப்பதோடு சரி. வாய்க்கால் உடைந்து பக்கத்து வயல் அழிந்தால் அதற்கும் அவர் பொறுப்பா என்பது போன்ற கேள்வி இது.

உண்மையில் 1876 வழக்கே இந்தக் கேள்வியால் எழுந்ததுதான். தம்மீது தொடுக்கப்பட்ட நிலவழக்கில் வென்றவர், அதற்குப் பணம் போட்டவர்கள்மீது செலவும் இழப்பும் கேட்டு வழக்குத் தொடுத்தார். பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ அதே கேள்வி 2023 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வின் முன் வந்தது. சிங்கப்பூர் பன்னாட்டு நடுவர் மையத்தின் கீழ், நீதிமன்றத்துக்குப் பதிலாக இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் முன் நடந்த ஒரு வழக்குக்கு டுமாரோ சேல்ஸ் ஏஜென்சி என்ற நிறுவனம் பணம் போட்டிருந்தது. அது ஆதரித்த தரப்பு தோற்றது. வென்ற தரப்புக்குச் செலவுத்தொகை தரும்படி தீர்ப்பாயிற்று. தோற்றவர்களிடம் அது வசூலாகாது என்று அஞ்சிய வென்ற தரப்பு, பணம் போட்ட நிறுவனத்தின் சொத்து விவரத்தைக் கேட்டது. நடுவர் ஒப்பந்தத்திலும் தரப்பு அல்லாத, தீர்ப்பிலும் பெயர் இல்லாத ஒருவரை, அவராக ஏற்றுக்கொள்ளாத பொறுப்பில் மாட்ட முடியாது என்று அமர்வு மறுத்துவிட்டது. மூன்றாம் தரப்பு நிதி இல்லையேல் உரிமை இருந்தும் பலர் அதை இழக்க நேரிடும் என்றும், அதே சமயம் வெளிப்படைத்தன்மையும் தகவல் அறிவிப்பும் தேவை என்றும் அது கூறியது.

இங்கிலாந்து இதில் எதிர்த்திசையில் போனது. 2005-இல் அர்கின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வணிக நோக்கோடு பணம் போட்டவர், தாம் போட்ட அளவுக்கு எதிர்த்தரப்பின் செலவையும் தாங்க வேண்டும் என்ற ஒரு வரம்பைக் காட்டியது. அந்த வரம்பும் எல்லா வழக்குக்கும் கட்டாயமன்று என்று 2020-இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இந்தியாவுக்குள்ளேயே மகாராஷ்டிரம் வேறொரு வழியைக் கண்டிருக்கிறது. அம்மாநிலம் 1983-இல் செய்த திருத்தத்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆம் கட்டளையின் (‘ஆர்டர்’ எனப்படும் விதித்தொகுதியின்) படி, வழக்குச் செலவுக்காகச் சொத்தில் பங்கு தருவதாக வாதி ஒருவரிடம் பேசியிருந்தால், அந்த நபரை அவர் இசைவோடு வாதியாகச் சேர்க்கலாம். இசையாவிட்டால் பிரதிவாதியாகச் சேர்க்கலாம். எதிர்த்தரப்பின் செலவுக்கு அவரிடம் பிணையம் கேட்கலாம். பிணையம் தராவிட்டால் சொத்தில் அவர் உரிமை கோர முடியாது என்று அறிவிக்கலாம். என் கருத்தில், முழுத் தடைக்கும் முழு விடுதலைக்கும் இடையே இதைவிட நேர்மையான ஏற்பாட்டைக் காண்பது அரிது.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகவே பார்க்கலாம். சிங்கப்பூர் 2017-இல் பழைய தடையை நீக்கி, பன்னாட்டு நடுவர் வழக்குகளுக்கு மட்டும் வாசலைத் திறந்தது. 2021-இல் உள்நாட்டு நடுவர் வழக்குகளுக்கும் வேறு சிலவற்றுக்கும் அதை விரித்தது. பணம் போடும் நிறுவனத்துக்குக் குறைந்தது 50 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி மூலதனம் இருக்க வேண்டும் என்றும், அது பணம் போட்டிருப்பதை வழக்கறிஞர் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. அயர்லாந்தில் 1634-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருப்பதால், 2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தொழில்முறை நிதியளிப்பைச் சட்டவிரோதம் என்றது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2006-இல் ஃபாஸ்டிஃப் வழக்கில் அதை ஏற்றது. இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2023 ஜூலையில் பாக்கர் என்ற லாரி உற்பத்தி நிறுவனத்தின் வழக்கில், இழப்பீட்டின் விழுக்காட்டைப் பங்காகக் கேட்கும் நிதி ஒப்பந்தங்கள், வழக்கறிஞர்களின் விழுக்காட்டுக் கட்டணத்துக்கான கடுமையான விதிகளுக்குள் வந்துவிடும் என்று சொல்லவே, நடைமுறையிலிருந்த பல ஒப்பந்தங்கள் செல்லாதவை ஆகிவிட்டன.

பங்கின் அளவு ஏன் முதன்மையானது என்பதைக் காட்ட, அதே இங்கிலாந்தின் அஞ்சலக வழக்கு போதும். ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு மென்பொருளின் பிழையால் கணக்கில் பணம் குறைந்ததாகப் பழி சுமந்த கிளை அஞ்சலகப் பொறுப்பாளர்கள் 555 பேர், ஒரு நிதி நிறுவனத்தின் பணத்தில் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். அந்தப் பணம் இல்லாதிருந்தால், அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்தை எதிர்த்து அவர்கள் நின்றிருக்கவே முடியாது. 2019 டிசம்பரில் 5 கோடியே 77.5 லட்சம் பவுண்டுக்குச் சமரசமானது. வழக்குச் செலவும் நிதியளித்தவரின் பங்கும் போக அவர்கள் கைக்கு வந்தது ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பவுண்டு. தலைக்கு 20,000 பவுண்டு அளவில் நின்றது. பிறகு அரசு தனி இழப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்துதான் அந்தக் குறையை ஓரளவு சரிசெய்ய வேண்டியிருந்தது. வழக்கு வென்றது, உண்மை வெளிவந்தது என்பதையும் மறுக்க முடியாது. விளைச்சலின் பெரும்பகுதி வாரத்துக்கும் செலவுக்கும் போயிற்று என்பதையும் மறுக்க முடியாது.

நம் ஒப்பந்ததாரரிடம் திரும்புவோம். அவர் முன் வைக்கப்பட்ட தாளில் விழுக்காட்டை மட்டும் பார்த்து அவர் கையெழுத்திட்டுவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு என்பது மொத்தத்தில் கணக்கிடப்படுகிறதா, செலவுபோக மீதியில் கணக்கிடப்படுகிறதா. முதலில் யாருடைய பணம் கழிக்கப்படும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவை யார் கொடுப்பது. பணம் போட்டவர் பாதி வழியில் விலகினால் என்ன ஆகும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, நிறுவனம் 60 லட்சம் தந்து முடித்துக்கொள்ளலாம் என்று வரும் நாளில் வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருடையது என்று பார்க்க வேண்டும். அதை வெளியாளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், வழக்குத்தாளில் வாதி என்று இருக்கும் பெயர் மட்டுமே ஒப்பந்ததாரருடையது. நியாயமான உதவி எங்கே முடிந்து சூதாட்டம் எங்கே தொடங்குகிறது என்று நீதிமன்றம் தேடும்போது அதன் கண்ணில் முதலில் படுவதும் அந்த வரியாகவே இருக்கும்.